பழைய விலாசத்தில் போய்க் கேள்!

வீடு மாறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது குடித்தனம் செய்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். நாள் பார்க்க வேண்டும். வண்டி பேச வேண்டும். பால் காய்ச்ச வேண்டும். பாட்டி காலத்து நிலைக்கண்ணாடி உடையாமல் வந்து சேர வேண்டும். சென்ற வருஷம் கோடை விடுமுறையில் நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் குடி மாறியபோது இத்தனையும் செய்தேன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 40 கிலோ மீட்டர் தூரம். காலையில் லாரியில் சாமான்களை ஏற்றினோம். பகல் சாப்பாடு விழுப்புரத்தில். நிலைக்கண்ணாடி கூட உடையவில்லை. திண்டிவனம் தபாலாபீசுக்குப் போய், "இன்ன தேதி முதல் எனக்கு வரும் கடிதங்களை இந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்பக் கோருகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தபால்காரர் அதை வாசித்துப் பார்த்து, "விழுப்புரத்திலே தண்ணீர் எப்படி, சார்?" என்று விசாரித்தார். அத்துடன் அந்த வேலை முடிந்தது.

ஆனால் அதே சமயத்தில் நான் தொடங்கிய இன்னொரு குடிமாற்றம் இருக்கிறதே, அது பதினோரு மாதம் ஆகியும் முடிந்தபாடில்லை. அதற்கு லாரி வேண்டாம், நாள் நட்சத்திரம் வேண்டாம், சுமை தூக்கும் ஆட்களும் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் விலாசத்தை விட்டு இன்னொரு மின்னஞ்சல் விலாசத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சங்கதி இதுதான். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கெல்லாம் பள்ளியின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் விலாசம் கொடுத்திருந்தார்கள். பார்ப்பதற்கு கௌரவமாயிருந்தது. ஆகையால் பன்னிரண்டு வருஷ காலம் கேட்ட இடத்திலெல்லாம் அந்த விலாசத்தையே எழுதிக் கொடுத்து வந்தேன். ரயில் டிக்கட்டுக்கு அது; காஸ் சிலிண்டருக்கு அது; மின்சாரக் கட்டணத்துக்கு அது; இன்ஷூரன்ஸுக்கும் புத்தகக் கடைக்கும் அதுவே. வேலையை விட்டபோது, "மாதக் கடைசியில் இந்த விலாசம் மூடப்படும்" என்று பள்ளியில் சொன்னார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்து நாற்காலியை நான் விழுப்புரத்துக்குத் தூக்கிக் கொண்டு வந்தேனா? விலாசமும் அவர்களுடைய நாற்காலியைப் போன்றதுதான். அது தெரியாமல் பன்னிரண்டு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தது என் பிசகு.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு, அந்த விலாசத்தை எங்கெங்கே கொடுத்திருக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு இடம் இருக்கும் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்று இருந்தது.

*

இந்த நாற்பத்து மூன்றில் பத்துப் பதினைந்து கம்பெனிகள் யோக்கியமாகவே நடந்து கொண்டன. புது விலாசத்தைக் கேட்டன, அதற்கு ஒரு எண்ணை அனுப்பிச் சரி பார்த்தன, பழைய விலாசத்துக்கும் "உங்கள் விலாசம் மாறுகிறது, நீங்கள் செய்யாவிட்டால் உடனே தெரிவியுங்கள்" என்று ஒரு வரி எழுதின. இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. இவர்களுக்கு என் நமஸ்காரம். இவர்களால் முடிகிற காரியம் மற்றவர்களால் ஏன் முடியவில்லை என்று கேட்பதற்கும் இவர்களே சாட்சி.

இரண்டாவது ஜாதிக் கம்பெனிகளில், பெயரை மாற்றலாம், வீட்டு விலாசத்தை மாற்றலாம், புகைப்படத்தைக் கூட மாற்றலாம். மின்னஞ்சல் விலாசம் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கலாய்க் கிடக்கும். அதன் மேல் எத்தனை தடவை விரலால் தட்டினாலும் அசையாது. எப்படி மாற்றுவது என்று கேட்டு எழுதினால், "இந்தக் கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்கலாம்" என்று பதில் வரும். பன்னிரண்டு வருஷத்து ரசீதுகளும் வரவு செலவும் அந்தக் கணக்கில் அல்லவா இருக்கின்றன? சட்டைக்குப் பொத்தான் மாற்றித் தரச் சொன்னால், சட்டையைக் கொளுத்திவிட்டு வேறு தைத்துக் கொள் என்பது போல் இருக்கிறது இந்த யோசனை.

மூன்றாவது ஜாதிதான் மிகவும் விசேஷமானது. அந்த வகையைச் சேர்ந்த ஒரு கம்பெனிக்கு டெலிபோன் செய்தேன். மறுபுறத்தில் மிகவும் மரியாதை தெரிந்த ஓர் இளைஞர் பேசினார்.

"வணக்கம், சார். உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?"

"என் மின்னஞ்சல் விலாசத்தை மாற்ற வேண்டும், தம்பி."

"தாராளமாக மாற்றலாம், சார். உங்கள் பழைய மின்னஞ்சலுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள்."

"பழைய மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். அதனால்தான் மாற்றவே சொல்கிறேன்."

"புரிகிறது, சார். ஆனால் அந்த எண் இல்லாமல் மாற்ற முடியாது."

"அந்த எண் எனக்கு எப்படிக் கிடைக்கும்?"

"பழைய மின்னஞ்சலில் கிடைக்கும், சார்."

நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அவரும் சும்மா இருந்தார். பிறகு, "தம்பி, என் டெலிபோன் எண் உங்களிடம் இருக்கிறதல்லவா? அதே எண்ணிலிருந்துதானே பேசுகிறேன்? அதற்கு அனுப்பக் கூடாதா?" என்றேன்.

"எங்கள் ஸிஸ்டத்தில் அதற்கு வழி இல்லை, சார். வேண்டுமானால் ஒரு புகார் பதிவு செய்கிறேன். பதில் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்."

"எந்த மின்னஞ்சலுக்கு?"

"கணக்கில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான், சார்."

அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த தாளில் உள்ளதை அவர் வாசித்தார். ஆனால் பூட்டிய வீட்டின் சாவியை அந்த வீட்டுக்குள்ளேயே ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, "உள்ளே போய் எடுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்கிறவனை நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

*

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தேன்.

அமெரிக்காவில் ரே டாம்லின்ஸன் என்ற பொறியியல் நிபுணர் 1971-ம் வருஷத்தில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பும் வழியைச் செய்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, வட்டத்துக்குள் சுழித்த அந்த 'அட்' குறியை நடுவில் போட்டவர் அவர்தான். ஆள் இன்னார், இருக்கும் இடம் இன்னது: அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கடிதம் போட வேண்டிய பெட்டியைக் காட்டும் பலகை அது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பிறகு கடைகளும் கம்பெனிகளும் இணையத்துக்கு வந்தன. லட்சக் கணக்கான வாடிக்கைக்காரர்களைப் பேரேட்டில் பதிய வேண்டும். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் குழப்பம் வராமல் ஆளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். திண்டிவனம் தாலுக்காவில் மட்டும் எத்தனை முருகன்கள், எத்தனை லக்ஷ்மிகள்! பாங்கியாக இருந்தால் தானே ஒரு கணக்கு எண் கொடுக்கும். பள்ளிக்கூடமாக இருந்தால் சேர்க்கை எண் கொடுக்கும். நான் எத்தனை வீடு மாறினாலும் என் கணக்கு எண் மாறுவதில்லை. ஆனால் பல கம்பெனிகள் அந்தச் சிரமத்தை மேற்கொள்ளவில்லை. மின்னஞ்சல் விலாசம் உலகத்திலேயே ஒருவருக்கு ஒன்றுதான் இருக்கும். அது ஆளுக்கும் ஞாபகம் இருக்கும். அதையே பேரேட்டின் தலைப்பில் எழுதிக் கொண்டால் போதும் என்று தீர்மானித்தன. அன்று முதல் விலாசம் வெறும் விலாசமாக இல்லை. அதுவே ஆள் ஆகிவிட்டது. விலாசத்தை மாற்றுகிறேன் என்று நாம் சொன்னால், அவர்கள் காதில், "நான் வேறு மனிதனாகப் போகிறேன்" என்று விழுகிறது. பேரேட்டின் அமைப்பையே திருத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குச் செலவு உண்டு; வருமானம் கிடையாது. ஆகவே சாம்பல் பூசி மங்க வைத்து விடுகிறார்கள்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடவுச்சொல் மறந்து போனால் புதிதாய் ஒன்று அமைத்துக் கொள்ளும் வழி மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஆகவே பிறர் கணக்கில் நுழையும் திருடன் முதல் காரியமாக அந்த விலாசத்தை மாற்றித் தன் விலாசத்தை எழுதி வைப்பான். பிறகு சொந்தக்காரன் வெளியே நிற்க வேண்டியதுதான். கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தால் திருடர்களுக்குக் கொண்டாட்டமாகி விடும். இது வாஸ்தவம். ஆனால் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்பதால் வீட்டுக்காரனுக்கு இரண்டாவது சாவியே இருக்கக் கூடாது என்று ஆகிவிடுமா? பதிவான டெலிபோன் எண் இருக்கிறது; அடையாளச் சீட்டு இருக்கிறது; சில நாள் பொறுத்திருந்து யாரும் ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்கலாம். விழுப்புரத்தில் என் பாங்கிக்கு நேரில் போனேன். குமாஸ்தா பாஸ் புத்தகத்தைப் பார்த்தார். அடையாள அட்டையைப் பார்த்தார். என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. பணம் இருக்கும் இடத்திலேயே இது முடிகிறது. பழைய ரசீது இருக்கும் இடத்தில் முடியவில்லை!

*

விலாசம் வேறு, ஆள் வேறு என்பது நம் தபால் இலாகாவுக்கு வெகு நாளாகத் தெரியும். நம் ஜில்லாவைவிட அதற்கு நல்ல சாட்சி கிடையாது. 1993-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி பழைய தென்னாற்காடு ஜில்லாவைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகராய்க் கொண்டு ஒரு ஜில்லாவை உண்டாக்கினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். திண்டிவனத்துக்காரர்கள் ஒருவரும் வீட்டை விட்டு நகரவில்லை. ஆனால் ஒரே இரவில் எல்லோருடைய விலாசமும் மாறிவிட்டது. அதற்குப் பிறகும் உறவினர்கள் வருஷக் கணக்கில் 'தென்னாற்காடு' என்றே எழுதினார்கள். கடிதங்கள் தவறாமல் வந்தன. 1972-ம் வருஷத்து சுதந்திர தினத்தன்று நாட்டில் ஏற்பட்ட பின்கோடு முறை இதற்கு ஒத்தாசையாக இருந்தது. ஜில்லாவின் பெயர் மாறினாலும் 604001 திண்டிவனம்தான். எல்லாவற்றுக்கும் மேலாகத் தபால்காரருக்கு ஆளைத் தெரியும். 2019-ம் வருஷம் நவம்பரில் கள்ளக்குறிச்சியைத் தனி ஜில்லாவாகப் பிரித்தபோதும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதே அனுபவந்தான்.

ஓமந்தூராரை எடுத்துக் கொள்ளுங்கள். திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார், நாடு சுதந்திரம் அடைந்த 1947-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். பதவியை விட்ட பிறகு வடலூருக்குப் போய் அங்கே தொண்டு செய்து காலம் கழித்தார். ஊர் மாறியது, ஆனாலும் அவர் கடைசி வரையில் ஓமந்தூரார்தான். "நீர் இப்போது வடலூர்வாசி, ஓமந்தூரார் என்பதற்கு ஓமந்தூரிலிருந்து அத்தாட்சி கொண்டு வாரும்" என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மின்னஞ்சல் சாஸ்திரத்தை வகுத்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1982-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜான் போஸ்டெல் என்பவர் கணினிகள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுத்து வாங்கும் விதிகளை எழுதினார். (பெயரிலேயே தபால் வாசனை வீசுகிறது, பாருங்கள்!) அதில் 251 என்று ஒரு பதில் உண்டு: "அவர் இங்கே இல்லை, ஆனால் நான் சேர்ப்பித்து விடுகிறேன்" என்று அர்த்தம். 551 என்று இன்னொன்று: "அவர் இங்கே இல்லை, இந்த விலாசத்தில் போய்ப் பாருங்கள்." நம் தபால்காரர் பென்ஸிலால் பழைய விலாசத்தை அடித்துப் புதியதை எழுதுகிறாரே, அதே காரியம்! ஆனால் குப்பைக் கடிதம் அனுப்புகிறவர்கள் பெருகிய பிறகு, யார் எங்கே போயிருக்கிறார் என்பதை முன்பின் தெரியாதவனுக்குச் சொல்வது அபாயம் என்று ஆகிவிட்டது. இந்த இரண்டு பதில்களும் இப்போது அநேகமாய் வழக்கொழிந்து போயின. மிஞ்சியது 550 மட்டும். "அப்படி ஒருவர் இங்கே இல்லை." போன இடம் சொல்வதில்லை, போனார் என்றும் சொல்வதில்லை.

டெலிபோன் விஷயத்தில் இதே கஷ்டம் இருந்தது. கம்பெனியை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். அதற்குப் பயந்தே ஜனங்கள் மோசமான சேவையைச் சகித்துக் கொண்டிருந்தார்கள். 2010-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20-ந் தேதி முதல் நாடு முழுவதிலும், எண்ணை வைத்துக் கொண்டே கம்பெனியை மாற்றிக் கொள்ளும் உரிமை கிடைத்தது. மின்னஞ்சலுக்கு அப்படிப்பட்ட உரிமை கிடையாது. விலாசத்தின் பின்பாதி கம்பெனியின் பெயர். அது நம்முடையது அல்ல. நம் நாட்டில் பொதுஜனங்களுக்கு இணையத்தைத் திறந்து வைத்தது வி.எஸ்.என்.எல்.; 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. அந்தப் பெயருடன் விலாசம் வைத்திருப்பது அன்று பெரிய அந்தஸ்து. 2002-ல் அந்தக் கம்பெனி டாட்டாக்கள் கைக்குப் போயிற்று; 2008-ல் பெயரே மாறிவிட்டது. வாடகை வீட்டின் வாசலில் கல்வெட்டு வைத்தவர்களின் கதிதான்.

விட்டுவிட்டு வந்த விலாசத்தால் வேறு அபாயமும் உண்டு. 2013-ம் வருஷத்தில் யாஹூ கம்பெனி, ஒரு வருஷத்துக்கு மேல் திறக்கப்படாத விலாசங்களை வேறு பேருக்குக் கொடுக்கப் போவதாய் அறிவித்தது. அப்படியே கொடுத்தது. புதிதாய் வாங்கியவர்களில் சிலருக்குப் பழையவர்களின் அந்தரங்கக் கடிதங்கள் வந்து விழுந்தன. கூகிள் கம்பெனியும் இரண்டு வருஷம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கி வருகிறது. ஆனால் நீக்கிய விலாசத்தைப் பிறருக்குக் கொடுப்பதில்லை. ஆகையால் கம்பெனிகள் நம்மைப் பழைய விலாசத்திலேயே கட்டிப் போடுவது அசௌகரியம் மட்டும் அல்ல. இடிந்த வீட்டின் வாசலில் நம் பெட்டி சாவியைத் தொங்கவிட்ட மாதிரி.

*

என் நாற்பத்து மூன்று கம்பெனிகளைப் பற்றி மட்டுமானால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். புத்தகக் கடைக் கணக்கு போனால் எனக்கு என்ன நஷ்டம்? ஆனால் இந்த வியாதி யாரைக் கொல்கிறது என்பதை நேரில் பார்த்தேன்.

திண்டிவனத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து என்னிடம் படித்த பெண் ஒருத்தி. தகப்பனார் விவசாயக் கூலி. இரண்டு கறவை மாடுகள் உண்டு. அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பிள்ளை அவள்தான். கல்லூரியில் இடம் கிடைத்தது; ஓர் உதவித் தொகையும் கிடைத்தது. இதற்கெல்லாம் இணையத்தில்தான் விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் விலாசம் வேண்டும். அவளுக்கு ஏது? கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிறபடி கடைத்தெருவிலுள்ள கணினி மையத்துக்குப் போனாள். கடைக்காரர் நல்லவர், கூட்டமோ அதிகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விலாசம் உண்டாக்கிக் கொண்டிருந்தால் இரவு பன்னிரண்டு மணியாகும். ஆகையால் தாமே உண்டாக்கி வைத்திருந்த ஒரு விலாசத்தைப் போட்டுவிட்டார். அவளுக்கு ஒரு அச்சிட்ட தாள் கிடைத்தது. அதில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டாள்.

மறு வருஷம் உதவித் தொகையைப் புதுப்பிக்க வேண்டும். பக்கத்தைத் திறந்தால், "உங்கள் மின்னஞ்சலுக்கு எண் அனுப்பியிருக்கிறோம்" என்கிறது. கணினி மையம் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கும் கடை இருந்தது. பழைய கடைக்காரர் திருப்பூருக்குப் போய்விட்டார். விசாரித்து அவர் எண்ணைப் பிடித்தோம். அவர் மனப்பூர்வமாய்த் தேடினார். அந்த விலாசத்தின் கடவுச்சொல் விற்றுப் போன கணினியோடு போய்விட்டது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம். "மின்னஞ்சலை மாற்ற வேண்டுமானால் பதிவான மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள்" என்றார்கள். கல்லூரிக் காரியாலயத்தில், "இது எங்கள் கையில் இல்லை" என்றார்கள். அந்தப் பெண் ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக் கொண்டு மூன்று தடவை பஸ் ஏறினாள். அவள் அவள்தான் என்பதற்கு அந்தப் பையில் இல்லாத அத்தாட்சி இல்லை. கேட்டதோ ஆறு இலக்க எண் ஒன்று. கெடு முடிந்தது. அந்த வருஷத்துத் தொகை போயிற்று. தகப்பனார் ஒரு மாட்டை விற்று விடுதிக் கட்டணம் கட்டினார்.

அவள் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆனால் அந்த மாடு மாடுதானே? பால் பணத்தில் அந்த வீட்டின் பாதிச் செலவு நடந்து கொண்டிருந்தது. என்னைப் போன்றவனுக்கு மின்னஞ்சல் மாறினால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போகிறது. அவர்களுக்கு மாடு போகிறது.

*

இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா என்றால், உண்டு. 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ம் வருஷத்தில் எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நம்மைப் பற்றிய தகவலைத் திருத்தவும், பூர்த்தி செய்யவும், புதுப்பிக்கவும் கேட்கும் உரிமையை அதன் 12-வது பிரிவு நமக்கு அளிக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இம்மாதிரிச் சட்டம் 2018-ம் வருஷம் மே 25-ந் தேதியிலிருந்தே நடக்கிறது. கோரிக்கைக்குச் சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி.

உரிமையைக் காகிதத்தில் எழுதினால் போதாது; அது கிராமத்துப் பெண்ணின் கைக்கு எட்ட வேண்டும். நான் கேட்பது மூன்றே காரியங்கள். முதலாவது, பழைய விலாசம் மூடிப் போனவர்கள் வேறு அத்தாட்சி காட்டி மாற்றிக் கொள்ள ஒரு வழி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். இரண்டாவது, அந்த வழியின் கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையைத் திறந்து பார்க்க அவருக்கு அதிகாரம் வேண்டும். மூன்றாவது, இவையெல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும். அந்நியன் போய்விட்டான், நம் பெயரையும் விலாசத்தையும் நாமே திருத்திக் கொள்ள முடியாவிட்டால் சுயராஜ்யத்தில் ஏதோ ஒரு மூலை இன்னும் பாக்கி என்றுதான் அர்த்தம்.

அது வரும் வரையில் நாம் செய்யக் கூடியது கொஞ்சம் உண்டு. உத்தியோகம் கொடுத்தவர்கள் தந்த விலாசத்தை உத்தியோகத்துக்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். எங்கெங்கே எந்த விலாசம் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாற வேண்டி வந்தால் பழையதை மூடுவதற்கு முன்பே, பாங்கி, வருமான வரி, இன்ஷூரன்ஸ் என்ற வரிசையில் மாற்றிக் கொள்ளுங்கள். மீட்பு விலாசம் என்று இரண்டாவதாய் ஒன்று கேட்கும் இடத்தில் அலட்சியம் செய்யாமல் கொடுங்கள். முக்கியமாக, வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அதன் பெயரில் ஒரு விலாசம் உண்டாக்கி, கடவுச்சொல்லை அதன் கையாலேயே எழுதிப் பத்திரமாக வைக்கச் செய்யுங்கள். எங்கள் பள்ளியில் இவ்வருஷம் முதல் கணினி வகுப்பில் அதைத்தான் முதல் பாடமாய் வைத்திருக்கிறோம். கடைக்காரர் விலாசத்தில் ஒரு பிள்ளையும் விண்ணப்பம் போடக் கூடாது என்பது எங்கள் தீர்மானம்.

என் நோட்டில் நாற்பத்து மூன்றில் முப்பத்தாறுக்கு நேரே சரி போட்டாயிற்று. ஏழு பாக்கி.

போன வாரம் என் பழைய வாத்தியார் ஒருவரிடமிருந்து பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கை நடுக்கம் எழுத்தில் தெரிந்தது. நான் விட்டு வந்த திண்டிவனத்து வீட்டு விலாசத்தைத்தான் எழுதியிருந்தார். அதற்குக் கீழே 'தென்னாற்காடு ஜில்லா' என்றும் போட்டிருந்தார். மறைந்து முப்பது வருஷத்துக்கு மேலான ஜில்லா! திண்டிவனத்துத் தபால்காரர் அதைப் பேனாவால் அடித்து, என் விழுப்புரம் விலாசத்தைப் பக்கத்தில் எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. குடும்பத்துடன் போகிறோம்.